பதினான்காம் விதியும் நீல வாளியும்

முப்பத்து மூன்று வயதில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து ஆலையிலிருந்து அனுப்பிவைத்தார்கள். வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு அங்கே ஒரே மரியாதைதான். ஐம்பத்தெட்டு வயதானவருக்கும் அதே சால்வை, இரண்டாவது குழந்தைக்குப் பிறகு இனி முடியாது என்று எழுதிக் கொடுத்தவளுக்கும் அதே சால்வை. அன்றிலிருந்து வீட்டில் என்னை ‘ரிட்டயர்டு ஆபீசர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் அனுபவம் எழுதுவது வழக்கம் என்பதால் நானும் எழுதுகிறேன். சின்னவன் தூங்கி எழுவதற்குள் முடிக்க வேண்டும். அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதச் சொன்னவள் திவ்யா. ஆய்வகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். ஆலையின் செயல்முறைக் கையேட்டைத் திருத்தி எழுதும் வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். பதின்மூன்று விதிவரை பிரச்சினை இல்லை, பதினான்காவதில் நின்றுவிட்டாள். அது இப்படி இருக்கிறது: “ஆயுத பூஜை முடிந்தபின் பணித்தளத்தை விட்டுக் கடைசியாக வெளியேறும் அதிகாரி, எவ்வளவு படித்தவராக இருந்தாலும், நீல வாளியைத் தவிர வேறு எதிலும் எதையும் கரைக்கக் கூடாது.”

வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ‘எவ்வளவு படித்தவராக இருந்தாலும்’ என்பதை அடித்துவிடச் சொல்லிவிட்டாராம். திவ்யா போனில் கேட்டாள்: “அக்கா, அடிச்சரட்டுங்களா? எதுக்கு எழுதுனாங்கன்னு யாரைக் கேட்டாலும் சிரிக்கறாங்களே தவிர சொல்ல மாட்டேங்கறாங்க.”

அவர்கள் சொல்லாததற்குக் காரணம், அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நான்.

எங்கள் ஆலை சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் இருக்கிறது. இரும்புக் குழாய்க்குத் துத்தநாக முலாம் பூசும் இடங்களில் மிஞ்சும் சாம்பலை மூட்டை மூட்டையாக வாங்கி, அமிலத்தில் கரைத்து, துத்தநாக சல்பேட் உப்பு எடுப்போம். பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கும் வயலுக்கும் போகும். சாம்பலோடு சேர்ந்து இரும்பும் கரைந்துவிடும் என்பதுதான் தொல்லை. இரும்பு இருந்தால் உப்பு பழுப்பேறும். நல்ல விலைக்குப் போகாது.

நான் சேர்ந்தபோது இரும்பை எடுக்கப் பழைய முறைதான். சுண்ணாம்பு போட்டு இரும்பைச் சேறாக்கி, பிழிகருவியில் அழுத்தி வடிகட்டுவார்கள். அந்தச் சேற்றோடு துத்தநாகமும் கொஞ்சம் போய்விடும். என் முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு வந்து குடுவை கழுவினேன். நன்றாகக் கழுவினேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வருடம் முதலாளி புதுமுறைக்கு, கலக்கிப் பிரிக்கும் தொட்டி போன்ற ஐந்து பெட்டி வாங்கிப் போட்டார். முறை கேட்க எளிது. மண்ணெண்ணெயைச் சுத்திகரித்தது போன்ற ஓர் எண்ணெயில் ஒரு ரசாயனத்தைக் கலக்க வேண்டும். ஆலையில் எல்லோரும் அதை ‘மருந்து’ என்பார்கள். அந்த எண்ணெயையும் துத்தநாகக் கரைசலையும் ஒன்றாகக் கலக்கினால், இரும்பு மட்டும் கரைசலை விட்டு எண்ணெய்க்குள் ஏறிக்கொள்ளும். கலக்குவதை நிறுத்தினால் எண்ணெய் மேலே, கரைசல் கீழே. கீழே இருப்பது உப்பாகப் போகும். மேலே இருக்கும் எண்ணெய் இரும்பால் மஞ்சளாகியிருக்கும். அதைக் கடும் அமிலத்தோடு கலக்கினால் இரும்பு அமிலத்துக்குள் இறங்கிவிடும், எண்ணெய் மறுபடி தண்ணீர் போல ஆகிவிடும். கடைசிப் பெட்டியில் எண்ணெயைக் கழுவி முதல் பெட்டிக்கே திருப்பி அனுப்புவோம். அறுநூறு லிட்டர் எண்ணெய் இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சுற்றி வரும் எண்ணெய் தண்ணீர் போல இருக்க வேண்டும். மஞ்சளாகத் திரும்பி வந்தால் இரும்பு இறங்கவில்லை என்று பொருள். இறங்காத இரும்பு சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் உப்புக்குள் வரும்.

இதைப் பார்ப்பதற்கு எங்கள் மேலாளர் நல்லசிவம் சாரிடம் ஒரு தனிமுறை இருந்தது. தினமும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். காலையில் வந்ததும் கண்ணாடிக் குழாயில் எண்ணெயை எடுத்து, தன் சட்டைப் பொத்தானுக்கு முன்னால் பிடித்து, தாடையை நெஞ்சில் இடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பார். பொத்தானின் நாலு ஓட்டையும் அதில் ஓடும் நூலும் வெள்ளையாகத் தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்த பிறகு நானும் குனிந்து பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஓர் ஆணின் சட்டைப் பொத்தானை இவ்வளவு அக்கறையாகப் பார்த்தது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். என் கணவருடையதைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

சார் யாரையும் திட்ட மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் “அம்மணி, அந்த அளவு என்னாச்சு?” என்பார். தப்பு நடந்திருந்தால், “ஏனுங்க அம்மணி, இதை நீங்க பாத்தீங்களாங்க, பாக்கலீங்களாங்க?” என்பார். மூன்றாவது ‘ங்க’வில் நான் பதிவேட்டைத் தேடத் தொடங்கிவிடுவேன்.

எண்ணெய் தீப்பிடிக்கும் என்பதால் பெட்டிகள் இருக்கும் கொட்டகைக்குள் தீக்குச்சி கூடாது, போன் கூடாது, எண்ணெயில் ஓர் ஈ விழுந்தாலும் எழுதி வைக்க வேண்டும். சாமி விஷயமும் அவருக்கு ஆகாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கற்பூரத்தட்டு வந்தால் எழுந்து போய்விடுவார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. புதுப்பெட்டிக்கு முதல் பூஜை. கொட்டகையைக் கூட்டித் துடைக்கும் பாவாயி அக்கா கற்பூரம் காட்டியே தீருவது என்று நின்றார். சார் முடியாது என்றார். “கற்பூரங் காட்டாத பொட்டி வெளங்குமாங்க?” என்று பாவாயி அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார். யார் மனமும் கோணக் கூடாது என்று நினைக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் நடுவில் புகுந்து, “கற்பூரம் வேண்டாங்க்கா, ஒரு மஞ்சப் பிள்ளையார் பிடிச்சு வெச்சுருங்க, போதும்” என்றேன். எல்லோருக்கும் திருப்தி. என் புத்திசாலித்தனத்தை நானே இரண்டு நாள் மெச்சிக்கொண்டேன்.

பாவாயி அக்கா வீட்டில் அரைத்த மஞ்சளைக் கொண்டுவந்து, நீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கை நிறையும் ஒரு பிள்ளையாரைப் பிடித்து, தலையில் அருகம்புல் செருகி, ஐந்தாவது பெட்டியின் விளிம்பில் பித்தளைத் தட்டோடு வைத்தார். பூஜை முடிந்தது. பொரி, சுண்டல் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டோம். மறுநாளும் விடுமுறை.

வேலை தொடங்கிய புதன்கிழமை காலையில் சார் குழாயை எடுத்துச் சட்டைக்கு முன்னால் பிடித்தார். பொத்தான் தெரிந்தது. ஆனால் நலுங்கு வைத்த மாப்பிள்ளையின் பொத்தான் போலத் தெரிந்தது.

“ஏனுங்க அம்மணி,” என்றார், “இது என்னங்க, எனக்கு மட்டும் இப்பிடித் தெரியுதுங்களா, உங்களுக்கும் தெரியுதுங்களா?”

எனக்கும் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஐந்து பெட்டியும் சோதனை ஓட்டத்தில்தான் இருந்தன. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் துத்தநாக மாத்திரை செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்ப்பதாக இருந்தது. அதற்கு உப்பு மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். அவர்கள் சரி என்றால் பெட்டி நிற்கும். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை முதலாளி முன்பே சொல்லியிருந்தார்: “சனிக்கெழம அவிய பாத்துட்டு வேண்டாம்னு போயிட்டா, ஞாயித்துக்கெழம பொட்டியப் பிரிச்சர வேண்டியதுதானுங்க.” பெட்டிக்காகத்தான் என்னைக் குடுவை கழுவுவதிலிருந்து எடுத்திருந்தார்கள். பெட்டி பிரிந்தால் நானும் கிளம்ப வேண்டியதுதான். வீட்டில் மூத்தவளுக்கு அப்போது ஒரு வயது. கணவருக்கு வேலை மாறும் நேரம். என் சம்பளத்தில்தான் வாடகை போய்க்கொண்டிருந்தது.

புதன்கிழமை முழுவதும் எண்ணெயைக் கழுவினோம். அமிலத்தின் வலுவைக் கூட்டினோம். மஞ்சள் அசையவில்லை. இன்னும் கூட்டினோம், அமிலத்தை வெதுவெதுப்பாக்கினோம். அப்படியே இருந்தது. குழம்ப வைத்தது என்னவென்றால், இறங்கி வந்த அமிலத்தில் இரும்பு இருக்கிறதா என்று நான் சோதித்தால் இல்லை. இரும்பு இருந்தால் சோதனைத் திரவம் பட்டு இரத்தச் சிவப்பாக மாற வேண்டிய கரைசல் வெறும் தண்ணீராக நின்றது. இதற்கு இரண்டு பொருள் சொல்லலாம். ஒன்று, எண்ணெயில் இரும்பே இல்லை. இரண்டு, இரும்பு மருந்தை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கிறது. இந்த மருந்துக்கு அந்தக் கெட்ட குணம் உண்டு என்று படித்திருக்கிறேன். கண் மஞ்சள் என்கிறது, சோதனை இல்லை என்கிறது. என் சோதனை என்பதால் நான் கண்ணைத்தான் நம்பினேன். சோதனைத் திரவம் பழையதோ என்று புதிதாகக் கலக்கினேன். குடுவை அழுக்கோ என்று கழுவினேன். மூன்று முறை செய்து, மூன்று முறையும் ஒரே விடை வந்ததால் சந்தேகம் இன்னும் அதிகமானது.

பிழிகருவியை இத்தனை வருடம் ஓட்டியவர் செல்வராசு அண்ணன். புதுப்பெட்டி வந்ததிலிருந்து அவருக்கு வேலை பாதியாகிவிட்டது. வியாழக்கிழமை மதியம் கொட்டகை வாசலில் டீ டம்ளரோடு வந்து நின்று எண்ணெயை எட்டிப் பார்த்தார்.

“என்னங்க மேடம், எண்ணெய்க்கு மஞ்சக்காமாலைங்களா?”

“போங்கண்ணா.”

“கீழாநெல்லி அரைச்சு ஊத்திப் பாருங்க. நம்ம மெசினுக்கு இந்தச் சீக்கெல்லாம் வந்ததில்லீங்க.”

பாவாயி அக்கா இன்னொரு பக்கம் பரவசத்தில் இருந்தார். தட்டில் வைத்துவிட்டுப் போன பிள்ளையார் புதன்கிழமை காலையில் வந்து பார்த்தால் இல்லையாம். தட்டு கழுவித் துடைத்ததுபோல இருந்ததாம். எலி தின்றிருக்கும் என்றேன். “எலி தின்னா புல்லு கெடக்குமுங்களே சாமி. அவரே எறங்கிப் போயிட்டாருங்க” என்றார். எனக்கிருந்த பதற்றத்தில் இதைக் காதில் வாங்கி அப்படியே விட்டுவிட்டேன். முதுகலைப் பட்டம் வாங்கியவள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் மகளின் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தேன். அத்தை அவளுக்குப் பருப்புச்சாதம் ஊட்டியதில் நெஞ்சு முழுக்க மஞ்சள் கறை. நீலச் சோப்பைத் தேய்த்தேன். கறை சட்டென்று சிவந்தது. எந்த வீட்டிலும் நடப்பதுதான்; அதுவரை நூறு முறையாவது பார்த்திருப்பேன். அன்றைக்குச் சோப்புக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் அதனால்தான். இரும்பு காரத்தில் சிவக்காது; துருவாகத்தான் திரளும்.

‘தட்டு கழுவித் துடைத்ததுபோல இருந்தது.’

வெள்ளிக்கிழமை யாரும் வருமுன் ஆய்வகத்துக்குப் போய், ஒரு குப்பியில் எண்ணெய் எடுத்து, சலவைச் சோடாக் கரைசலை ஊற்றிக் குலுக்கினேன். சோப்பு போல நுரைத்தது. நுரை அடங்கியதும் அடியில் நின்ற தண்ணீர் ஆரத்தித் தட்டேதான். அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. துணியில் மஞ்சள் கறை இருந்தால் வெயிலில் போட்டு எடுப்போம் அல்லவா? எண்ணெயை இரண்டு குப்பியில் எடுத்து, ஒன்றை அலமாரியிலும் ஒன்றைச் சன்னல் வெயிலிலும் வைத்தேன். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பத்தரை மணிக்கு வெயில் குப்பி பாதி வெளுத்திருந்தது. இரும்பு வெயிலுக்கு வெளுக்காது.

கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. மஞ்சள் பிள்ளையார் வைக்கச் சொன்னது நான். வழிபட்ட பிள்ளையாரைக் கால் படாத இடத்தில், நீரில்தான் கரைக்க வேண்டும். பாவாயி அக்காதான் வசதியாகப் பெட்டியிலேயே கரைத்துவிட்டு, இறங்கிப் போய்விட்டார் என்று கதை விடுகிறார் போல. அவரைக் காட்டிக்கொடுத்தால் அவர் வேலை போகும். காட்டிக்கொடுக்காவிட்டால் என் வேலை. கடைசியில் என் பங்கை மட்டும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, மூன்று குப்பியையும் தூக்கிக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

சிவப்புத் தண்ணீரைக் காட்டினேன். வெளுத்ததையும் வெளுக்காததையும் காட்டினேன். “சார், இது இரும்பு இல்ல, மஞ்சத்தூள். பிள்ளையார் வைக்கச் சொன்னது நான்தான் சார். தப்பு என்னுது” என்றேன்.

சார் சிவப்புக் குப்பியை வாங்கிச் சட்டைப் பொத்தானுக்கு முன்னால் பிடித்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிராமலே கேட்டார்:

“ஏனுங்க அம்மணி, ஒரு பிள்ளையாரு எத்தனை கிராம் இருப்பாருங்க?”

யார் கரைத்தது என்று கேட்காமல் எடையைக் கேட்ட அந்தக் கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு விளங்கிவிட்டது என்று சாருக்கும் விளங்கியது. அவர் காது மடல் சிவந்திருந்தது; சோடா எதுவும் ஊற்றவில்லை.

விஷயம் இதுதான். எல்லோரும் போனபின் குழாய்களை மூடிவிட்டார்களா என்று பார்க்க சார் கொட்டகைக்குப் போயிருக்கிறார். பிள்ளையார் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். இரண்டு நாள் விடுமுறை. காய்ந்து விரிசல் விடும், எலி இழுக்கும். குப்பையில் போட மனம் வரவில்லை. ஐந்தாவது பெட்டியிலிருந்து எண்ணெயை வடித்துவிட்டுக் கழுவு தண்ணீரை மட்டும் விட்டுவைக்கும்படி காலையில் அவர்தான் சொல்லியிருந்தார். பொரி சுண்டல் அவசரத்தில் வடிக்க வேண்டியவர்கள் வடிக்கவில்லை.

“அஞ்சாவது பொட்டியில தண்ணி மட்டுந்தான் இருக்கும்னு நெனச்சேனுங்க. ஓடுற தண்ணியாச்சேன்னு, புல்லை வெளிய போட்டுட்டுக் கரைச்சு, தட்டையும் கழுவி வெச்சுட்டேனுங்க” என்றார். ஈ விழுந்தாலும் எழுதி வைக்கச் சொன்னவர். அத்தனை ‘ங்க’வும் அன்றைக்கு அவர் மேலேயே விழுந்தது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு, இரண்டு பிரசவத்திலும் பட்டதில்லை.

ஆனால் சனிக்கிழமை காலைக்கு இன்னும் ஒரு பகலே இருந்தது. அறுநூறு லிட்டரையும் வெயிலில் வைக்க முடியாது. சோடாவில் கழுவினால் நுரை அடங்க வாரமாகும். சமையல் எண்ணெய் ஆலைகளில் நிறம் எடுக்க ஒருவகைக் களிமண் போடுவார்கள் என்று சார் சொன்னார். செல்வராசு அண்ணனின் மச்சான் அப்படியொரு ஆலையில் இருந்தார். பதினோரு மணிக்குப் போன் செய்து, ஒரு மணிக்கு மூன்று மூட்டை வந்து இறங்கியது. எண்ணெயில் களிமண்ணைக் கலக்கிவிட்டோம். நிறம் களிமண்ணில் ஏறிக்கொண்டது. இனி களிமண்ணைப் பிரித்து எடுக்க வேண்டும். அதற்கு ஆலையில் இருந்த ஒரே கருவி, நாங்கள் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய பிழிகருவி.

செல்வராசு அண்ணனிடம் போய் நின்றேன். அவர் மெதுவாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “பெரிய எடத்துப் பொட்டியெல்லாம் கடைசியில நம்ம ஊட்டுக்குத்தான் வருதுங்க” என்றார். ஆனால் புதுத்துணி மாட்டி, ஒரு சொட்டு சிந்தாமல் ஓட்டிக்கொடுத்தார். இருட்டுவதற்குள் எண்ணெய் தண்ணீர் போல வந்துவிட்டது. மூன்று நாளுக்குப் பிறகு பொத்தான் வெள்ளையாக இருந்தது.

சனிக்கிழமை வந்தவர் இளைஞர். எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டே வந்தார், கொட்டகைக்குள் மட்டும் சார் போனை வாங்கி வைத்துக்கொண்டார். எண்ணெயைப் பார்த்தார், உப்பின் மாதிரி எடுத்துக்கொண்டார். பெட்டியின் மேலிருந்த சந்தனப் பொட்டைக் கவனித்து, “பூஜையெல்லாம் நல்லபடியா நடந்துச்சுங்களா?” என்று விசாரித்தார். நான் தரையைப் பார்த்தேன். “ரொம்ப விசேசமா நடந்துச்சுங்க” என்றார் சார். பத்து நாளில் சரி என்று கடிதம் வந்தது. பெட்டி நின்றது. நானும் நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை, வந்தவர் போனபின் பதிவேட்டை எழுத உட்கார்ந்தேன். “உள்ளது உள்ளபடி எழுதுங்க அம்மணி. நல்லசிவம் கரைச்சான்னு எழுதுங்க” என்றார் சார். எவ்வளவு கலந்தது என்ற கணக்கும் வேண்டும் என்றார். பாவாயி அக்காவைக் கூப்பிட்டு, பூஜைக்குப் பிடித்த அதே அளவில் இன்னொரு பிள்ளையார் பிடிக்கச் சொன்னார். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, “ஒரு கணக்குக்குங்க” என்றார். பிடித்துப் புல்லும் செருகினார். புல்லை எடுத்துவிட்டு எடை போடலாம் என்று சார் சொன்னதற்குப் பாவாயி அக்கா சம்மதிக்கவில்லை. புல் இல்லையென்றால் அது வெறும் மஞ்சள், பிள்ளையார் ஆகாது என்றார். ஆகவே புல்லோடு எடை போட்டு, அதேபோல இன்னொரு புல்லைத் தனியாக எடை போட்டுக் கழித்தோம். ஆய்வகத் தராசில் பிள்ளையார் ஏறியபோது பாவாயி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தொண்ணூற்று இரண்டு கிராம்.

எடை போட்டாயிற்று, இப்போது இவரைக் கரைக்க வேண்டுமே. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கை கழுவுமிடத்தில் ஒரு நீல வாளி இருந்தது. சார் அதில் தண்ணீர் பிடித்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, தானே கரைத்து, தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். “சாருக்குப் பக்தி வந்துருச்சுங்க சாமி” என்று பாவாயி அக்கா என் காதில் சொன்னார்.

பதிவேட்டில் நான் எழுதியது இது: “எண்ணெயில் நிறக் கலப்பு, 92 கிராம். மூலம் தெரியவில்லை.” என் ஒன்பது வருடக் கையெழுத்தில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். சார் அந்த வரியை இரண்டு முறை படித்தார். என்னைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் கையேட்டில் பதினான்காம் விதி வந்திருந்தது; ஏன் என்று யாரும் கேட்கத் துணியவில்லை.

இதை எழுதத் தொடங்கும் முன் அவரிடம் கேட்காமல் எழுதுவது சரியா என்று ஒரு வாரம் தயங்கினேன். கடைசியில் நேற்றுப் போன் செய்தேன். சாரும் ஓய்வு பெற்றுவிட்டார். நாமகிரிப்பேட்டைப் பக்கம் சொந்தத் தோட்டத்தில் இருக்கிறார். என்ன பயிர் என்று கேட்டேன். மஞ்சள்தான் என்றார்.

பிறகு சொன்னேன். “சார், பதிவேட்டுல அந்த ஒரு வரி பொய்யா எழுதினது எனக்கு இன்னும் உறுத்துது. இப்பவாவது உண்மையை எழுதிடட்டுமா?”

“எழுதுங்க அம்மணி. ஆனா நான் அதை எப்பவோ திருத்திட்டனுங்களே” என்றார். “எவ்வளவு படித்தவராக இருந்தாலும்னு போட்டது வேற யாருக்குன்னு நெனச்சீங்க?”

ஆகவே திவ்யா, ஆலோசகரிடம் பணிவாகச் சொல்லிவிடு. அந்த மூன்று சொற்களை அடிக்க முடியாது. அவை ஒருவருடைய கையெழுத்து. வாளி விரிசல் விட்டிருக்கிறது என்று சொன்னாய் அல்லவா, புதிதாக ஒன்று வாங்கிக்கொள். நீலமாகவே வாங்கு.